‘புட் ஆஃப்’ என்ற வினைக்கு எத்தனை பொருள்? எதை எங்கே பயன்படுத்துவது?

வினா

வணக்கம். ஆங்கிலக் கதைகளையும் செய்திக் கட்டுரைகளையும் அகராதியின் துணையோடு படித்துவருகிறேன். தனிச்சொற்களால் எனக்குப் பெரிய தடை இல்லை. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்க்கிறேன், ஓரளவு விளங்கிவிடுகிறது. ஆனால் எளிய வினை ஒன்றோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சிறுசொல் ஒன்று சேர்ந்து வரும்போது, இரண்டும் சிறு வயதிலேயே படித்த சொற்களாக இருந்தும், அவை கூடி என்ன சொல்கின்றன என்பது பிடிபடுவதில்லை. இப்போது என் வாசிப்பை இடைநிறுத்தியிருப்பது ‘புட் ஆஃப்’.

பள்ளியில் இதற்கு ஒத்திவைத்தல் என்ற ஒரே பொருளைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ‘தே புட் ஆஃப் த மீட்டிங்’ என்றால் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள் என்பது தெளிவு. ஆனால் அண்மையில் படித்தவற்றில் கண்ட மூன்று வாக்கியங்களுக்கு அந்தப் பொருள் சற்றும் பொருந்தவில்லை. ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்று ஓரிடத்தில் வருகிறது. நாற்றம் ஒருவரை எப்படி ஒத்திவைக்கும்? ‘டோன்ட் லெட் த நாய்ஸ் புட் யூ ஆஃப்’ என்று தேர்வுக்குப் போகும் மாணவனிடம் ஆசிரியர் சொல்கிறார். மற்றொரு கதையில் கடன் கொடுத்தவர், ‘ஹீ புட் மீ ஆஃப் வித் எக்ஸ்க்யூசஸ்’ என்று முறையிடுகிறார்.

இவை எல்லாம் ஒரே வினையின் கிளைகளா, அல்லது எழுத்து ஒன்றாக இருக்கும் வெவ்வேறு வினைகளா? ‘புட் ஆஃப் த மீட்டிங்’ சரியாக இருக்கும்போது ‘புட் ஆஃப் இட்’ மட்டும் ஏன் பிழை என்கிறார்கள்? நானே எழுதும்போது இதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே ‘போஸ்ட்போன்’ என்று எழுதுவது நல்லது? பட்டியலாக இல்லாமல், காரணத்தோடு யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியங்களிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ‘புட் ஆஃப்’ வரும் இடத்தில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வினையை அன்று, அதன் செயப்படுபொருளை. தள்ளப்படுவது ஒரு நிகழ்ச்சியா, ஒரு மனிதரா என்று கேளுங்கள். நிகழ்ச்சியாகவோ வேலையாகவோ முடிவாகவோ இருந்தால் பொருள் ஏறக்குறைய எப்போதும் ஒத்திவைத்தல்தான். மனிதராக இருந்தால் ஒத்திவைத்தல் என்ற பொருளை மறந்துவிட்டு, அந்த மனிதர் எதிலிருந்து விலக்கப்படுகிறார் என்று தேட வேண்டும்.

‘ஆஃப்’ என்ற சிறுசொல்லின் அடிக்கருத்து விலகல். ஒன்றோடு ஒட்டியிருந்தது அதிலிருந்து அகல்வதை அது காட்டுகிறது. கூட்டத்தை அதற்குக் குறித்த நாளிலிருந்து அகற்றி அப்பால் வைத்தால் அது ஒத்திவைத்தல். ஒரு மனிதரின் விருப்பத்தை ஒரு பொருளிலிருந்து அகற்றினால் அது வெறுப்பூட்டல். அவருடைய கவனத்தைச் செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து அகற்றினால் அது இடையூறு. கேட்டு வந்தவரைத் தம் வாசலிலிருந்து ஏதாவது சொல்லி அகற்றினால் அது தட்டிக்கழித்தல். ஆகவே இவற்றை ஒரே வேரிலிருந்து பிரிந்த கிளைகளாகக் கொள்வதே சரி என்பது என் கருத்து.

‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்பதற்கு, அந்த நாற்றத்தால் எனக்கு அதில் நாட்டமே போய்விட்டது என்று பொருள். இங்கே பேசப்படுவது உணவாக இருக்கலாம், ஓர் அறையாக இருக்கலாம். தமிழில் இதற்கு ஒரே சொல் போதாது. உணவானால் குமட்டிவிட்டது என்போம். வாங்க நினைத்த பொருளானால் மனம் பின்வாங்கிவிட்டது என்போம். ஒருவருடைய பேச்சோ நடத்தையோ என்றால் முகம் சுளிக்க வைத்தது என்போம். ‘த ப்ரைஸ் புட் மெனி பையர்ஸ் ஆஃப்’ என்ற வாக்கியத்தை, விலையைக் கேட்டுப் பலர் பின்வாங்கிவிட்டார்கள் என்று தமிழாக்கினால் இயல்பாக இருக்கும். கவனிக்க வேண்டியது, இங்கே வெறுப்பு கடுமையானதாக இருக்க வேண்டியதில்லை என்பதே. முன்பு இருந்த விருப்பமோ, இனி வரக்கூடிய விருப்பமோ தணிந்துபோவதே போதும். ‘டிஸ்கஸ்ட்’ என்ற சொல்லின் வேகம் இதற்கு இல்லை.

எதிலிருந்து விருப்பம் விலகியது என்பதையும் சொல்ல வேண்டுமானால், அதை ‘ஆஃப்’ என்பதற்கு அடுத்து அப்படியே வைத்துவிடலாம். ‘த இல்னஸ் புட் ஹர் ஆஃப் மில்க்’ என்றால் அந்த நோய்க்குப் பிறகு அவளுக்குப் பால் பிடிக்காமல் போயிற்று. இடையில் ‘ஃப்ரம்’ தேவையில்லை. தமிழில் ‘இலிருந்து’ என்ற உருபை எண்ணிக்கொண்டு எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் ‘ஃப்ரம்’ சேர்த்துவிடுகிறார்கள். ‘ஆஃப்’ என்பதே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆசிரியர் மாணவனிடம் சொன்னது கவனச்சிதறலைப் பற்றியது. இரைச்சலைப் பொருட்படுத்தாதே, அது உன் கவனத்தைக் கெடுக்க விடாதே என்கிறார். இந்தப் பயன்பாடு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மிகுதி. ஓடிக்கொண்டிருப்பவரின் நடை தடுமாறிப்போவதைக் கொண்டு ‘புட் சம்ஒன் ஆஃப் தேர் ஸ்ட்ரைட்’ என்று ஒரு மரபுத்தொடரும் உண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சாளரை நடுவில் ஒருவர் கேள்வி கேட்டுத் தடுமாற வைத்தால் அதையும் அப்படியே சொல்வார்கள்.

கடன் கொடுத்தவரின் முறையீடு நமக்கு நன்கு பழக்கமான நிலைமை. நாளை தருகிறேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சாக்குப்போக்குச் சொல்லி அவரை இழுத்தடிக்கிறார்கள். இதே அமைப்பில், வருவதாக இருந்த விருந்தினரிடம் இப்போது வர வேண்டாம் என்று சொல்லி நிறுத்துவதும் அடங்கும். ‘வீ ஹேட் டு புட் அவர் விசிட்டர்ஸ் ஆஃப்’ என்றால் விருந்தினரை வெறுப்பேற்றினோம் என்று பொருளன்று. அவர்கள் வரவை வேறொரு நாளுக்கு மாற்றச் சொன்னோம் என்றே பொருள். மனிதர் செயப்படுபொருளாக இருந்தும் ஒத்திவைத்தலுக்கு மிக அருகில் வரும் இடம் இது ஒன்றுதான்.

அப்படியானால் மனிதர் வரும் வாக்கியத்தில் எந்தப் பொருளை எடுப்பது என்ற கேள்வி எழும். பெரும்பாலும் பின்னால் வரும் சொல் வழிகாட்டும். ‘பை’ வந்தால் வெறுப்போ கவனச்சிதறலோ. ‘வித்’ வந்து அதன்பின் சாக்கு, வாக்குறுதி போன்ற ஒன்று வந்தால் இழுத்தடித்தல். ‘அன்டில்’ வந்தால் நாள் மாற்றம். எதுவும் வராமல் ‘ஐ வாஸ் புட் ஆஃப்’ என்று மட்டும் இருந்தால் முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் பொருளை மிக நன்றாக விளக்கியிருக்கிறார். ஆனால் ஒரு சிறு எச்சரிக்கை சேர்க்க விரும்புகிறேன். விலகல் என்ற அடிக்கருத்து, தெரிந்த பொருள்களை நினைவில் நிறுத்த உதவுமே தவிர, தெரியாத தொடரின் பொருளை ஊகிக்கும் கருவியாக எப்போதும் பயன்படாது. ‘கோ ஆஃப்’ என்றால் கடிகார மணி ஒலிப்பது, வெடி வெடிப்பது. ‘புல் ஆஃப்’ என்றால் கடினமான ஒன்றைச் சாதித்துவிடுவது. இவற்றில் விலகலைத் தேடிக்கொண்டிருந்தால் பொருள் நழுவிவிடும். ஆகவே ஒவ்வொரு கூட்டுவினையையும் அது வந்த வாக்கியத்தோடு சேர்த்துக் கற்பதே பாதுகாப்பான வழி.

சொற்களின் இருப்பிடம் பற்றிய உங்கள் இரண்டாவது வினாவுக்கு வருகிறேன். ‘புட் ஆஃப்’ பிரிக்கத்தக்க கூட்டுவினை. செயப்படுபொருள் ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்றும் ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்றும் எழுதலாம், இரண்டும் சரி. செயப்படுபொருள் ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ போன்ற பிரதிப்பெயராக இருந்தால் அது கட்டாயம் நடுவில்தான் வர வேண்டும். இதற்குக் காரணம் ஓசையில் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தி இறுதியில் வந்து அழுத்தம் பெறுவது இயல்பு. ‘இட்’ என்பது முன்பே பேசப்பட்ட ஒன்றைக் குறிக்கும் மெல்லிய சொல். அதற்கு அழுத்தம் கிடையாது. ‘ஆஃப்’ என்பதற்கு அழுத்தம் உண்டு. அழுத்தமுள்ள சொல் இறுதிக்குச் செல்ல, மெல்லிய சொல் நடுவில் அடங்கிவிடுகிறது. ‘புட் இட் ஆஃப்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஆஃப்’ என்ற இடத்தில் குரல் தானாக உயர்வதை உணர்வீர்கள்.

இதே காரணத்தால், செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் அதை நடுவில் திணிக்கக் கூடாது. ‘தே புட் ஆஃப் த மீட்டிங் தட் வாஸ் ப்ளான்ட் ஃபார் மண்டே’ என்பது இயல்பு. அந்த நீண்ட தொடர் முழுவதையும் கடந்து கடைசியில் ‘ஆஃப்’ என்று முடித்தால், படிப்பவர் வினையின் பாதியை மனத்தில் சுமந்துகொண்டு மறுபாதிக்குக் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ‘புட் ஆஃப் இட்’ பிழை என்று படித்தவர்கள், ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப் இட்’ என்ற வாக்கியத்தைப் பார்த்தால் குழம்புவார்கள். இரண்டிலும் ‘ஆஃப்’ என்பதை அடுத்து ‘இட்’ வருகிறதே என்று தோன்றும். ஆனால் இரண்டாவதில் வினையின் செயப்படுபொருள் ‘மீ’. அது தனக்குரிய நடு இடத்தில் அமர்ந்துவிட்டது. ‘இட்’ என்பது ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல்லைச் சார்ந்து நிற்கிறது. ஆகவே அது சரியான வாக்கியமே. ‘ஐ புட் இட் ஆஃப்’ என்றால் நான் அதைத் தள்ளிப்போட்டேன். ‘இட்’ இடம் மாறி ‘புட் மீ ஆஃப் இட்’ என்றானால், அதன்மேல் எனக்கிருந்த நாட்டத்தைக் கெடுத்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவைத்துப் பாருங்கள். கூட்டுவினைகளில் சொல்வரிசை எவ்வளவு பொறுப்பைச் சுமக்கிறது என்பது விளங்கும்.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஓர் இயற்கையான உதவி உண்டு. நாமும் ‘தள்ளிப்போடு’ என்கிறோம். அதில் வரும் ‘போடு’ தனியே நின்றால் ஒன்றைக் கீழே இடுவதைக் குறிக்கும். ‘தள்ளி’ என்பதோடு சேர்ந்ததும் காலத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது. ‘விட்டுக்கொடு’, ‘கண்டுபிடி’ ஆகியவையும் இப்படிப்பட்டவைதான். உறுப்புச் சொற்களின் பொருளைக் கூட்டினால் முழுச்சொல்லின் பொருள் கிடைக்காது என்ற செய்தி நமக்குப் புதிதன்று. வேறுபாடு ஒன்றுதான். தமிழில் இரண்டு உறுப்புகளுக்கும் இடையில் ‘தள்ளித்தான் போட்டார்கள்’, ‘தள்ளிக்கூடப் போடவில்லை’ என்று இடைச்சொல் வரலாம். செயப்படுபொருள் வருவது வழக்கமன்று. ஆங்கிலத்தில் செயப்படுபொருளே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு வேலையைத் தள்ளிப்போடுவதாகச் சொல்லும்போது, அந்த வேலையைக் குறிக்கும் வினை ‘இங்’ விகுதி பெற வேண்டும். ‘ஷீ புட் ஆஃப் கோயிங் டு த டாக்டர்’ என்பது சரி. ‘புட் ஆஃப் டு கோ’ என்பது பிழை. இதற்கும் தமிழே துணை. ‘மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டாள்’ என்கிறோம். ‘போகத் தள்ளிப்போட்டாள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘போவதை’ என்ற தொழிற்பெயருக்கு ஈடானதே அந்த ‘இங்’ வடிவம்.

காலம் காட்டுவதிலும் ஒரு சிறு செய்தி. ‘புட்’ என்ற வினைக்கு நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே வடிவம். ‘புட்டட்’ என்று ஒன்று இல்லை. ஆகவே ‘ஹீ புட் ஆஃப் த விசிட்’ என்று ‘எஸ்’ இல்லாமல் வந்தால் அது இறந்தகாலம். ‘ஹீ புட்ஸ் ஆஃப்’ என்றால் அவர் வழக்கமாக அப்படிச் செய்பவர்.

வினா எழுப்பியவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செயப்படுபொருளைப் பார்ப்பது என்ற வழி எனக்கு உடனே பயன்பட்டது. ‘புட் இட் ஆஃப்’, ‘புட் மீ ஆஃப் இட்’ என்ற இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்னும் சில ஐயங்கள் எஞ்சியுள்ளன. ‘டிலே’, ‘கேன்சல்’, ‘கால் ஆஃப்’, ‘போஸ்ட்போன்’ ஆகியவற்றோடு இது எங்கே வேறுபடுகிறது? விளக்கை அணைக்கச் சொல்லும்போது ‘புட் ஆஃப் த லைட்’ என்று பலர் சொல்லக் கேட்கிறேன், அது சரியா? ‘புட் ஆன்’ என்பது உடை அணிவதைக் குறிப்பதால், உடையைக் கழற்றுவதற்கும் ‘புட் ஆஃப்’ என்று சொல்லலாமா? ‘ஆஃப் புட்டிங்’ என்ற சொல்லையும் ஒரு நூல் மதிப்புரையில் பார்த்தேன்.

மறுமொழி 3

ஒத்திவைத்தலைச் சுற்றி வரும் சொற்களைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

‘கால் ஆஃப்’ என்பதும் ‘கேன்சல்’ என்பதும் நிகழ்ச்சியே இல்லை என்று ஆக்கிவிடுகின்றன. ‘புட் ஆஃப்’ என்றால் நிகழ்ச்சி உயிரோடு இருக்கிறது, நாள்தான் மாறியிருக்கிறது. இரண்டிலும் ‘ஆஃப்’ இருப்பதால் மாற்றி எழுதிவிட வாய்ப்பு மிகுதி. அறிவிப்புகளில் இந்தப் பிழை நேர்ந்தால் வரவேண்டியவர்கள் வராமல் போவார்கள்.

‘டிலே’ என்பதன் வேறுபாடு இதைவிட நுட்பமானது. ‘புட் ஆஃப்’ என்பதில் யாரோ ஒருவரின் முடிவு இருக்கிறது. தாமதம் யாருடைய முடிவும் இல்லாமலே நேரலாம். மூடுபனியால் ரயில் ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் அது ‘டிலேட்’. அதை ‘புட் ஆஃப்’ என்று சொல்ல முடியாது. பயணம் செய்யவிருந்தவர் மூடுபனியைக் கருதித் தம் பயணத்தை அடுத்த நாளுக்கு மாற்றினால் அவர் ‘புட் ஆஃப்’ செய்தவர் ஆகிறார். நடந்துகொண்டிருக்கும் அவையையோ வழக்கு விசாரணையையோ இடையில் நிறுத்தி வேறு நாளுக்கு வைப்பதற்கு ‘அட்ஜர்ன்’ என்ற சொல் தனியாக இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒத்திவைப்பு என்றே சொல்வதால் மொழிபெயர்ப்பவர்கள் இங்கே நின்று பார்க்க வேண்டும்.

‘போஸ்ட்போன்’ என்பதும் ‘புட் ஆஃப்’ என்பதும் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை ஒரே பொருளுடையவை. ஆனால் அவற்றின் தொனி ஒன்றன்று. முன்னது அறிவிப்புக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் உரியது. பின்னது பேச்சுக்கும் நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கும் உரியது. இதற்கு மேலும் ஒரு காரணத்துக்காக நான் முறையான கடிதங்களில் ‘புட் ஆஃப்’ என்பதைத் தவிர்க்கச் சொல்வேன். இந்தச் சொல்லில் செய்ய மனமில்லாமல் கடத்துகிறார் என்ற நிழல் படிந்திருக்கிறது. ‘ஐ ஹேவ் பீன் புட்டிங் இட் ஆஃப்’ என்று ஒருவர் சொன்னால், தக்க காரணத்தோடு நாள் மாற்றினார் என்று யாரும் கருதமாட்டார்கள். செய்யத் தயங்கிக்கொண்டிருக்கிறார் என்றே கொள்வார்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்முகத்தேர்வின் நாளை மாற்றக் கேட்டு எழுதும் ஒருவர், அந்த நிழலைத் தம் கடிதத்துக்குள் வரவிடாமல் இருப்பது நல்லது.

‘ப்ரொக்ராஸ்டினேட்’ என்பதும் கடத்தலையே குறிக்கும். ஆனால் அது செயப்படுபொருள் இல்லாமல் நிற்கும். ‘புட் ஆஃப்’ நிற்காது. ‘ஐ ஆல்வேஸ் புட் ஆஃப்’ என்பது முடியாத வாக்கியம். எதை என்று சொல்லியாக வேண்டும். குறிப்பாக எதுவும் இல்லையென்றால் ‘ஐ ஆல்வேஸ் புட் திங்ஸ் ஆஃப்’ என்றாவது எழுத வேண்டும்.

எந்த நாளுக்கு என்று சொல்ல ‘அன்டில்’ அல்லது ‘டில்’, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல ‘ஃபார்’. ‘புட் ஆஃப் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்கு. ‘புட் ஆஃப் ஃபார் அ வீக்’ என்றால் ஒரு வார காலத்துக்கு.

நாளைப் பின்னுக்கு மாற்றுவதற்கு ‘புட் பேக்’, ‘புஷ் பேக்’ என்ற தொடர்களும் வழங்குகின்றன. முன்னுக்குக் கொண்டுவருவதற்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’. இந்திய ஆங்கிலத்தில் பிறந்த ‘ப்ரீபோன்’ என்ற சொல் இப்போது ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றிருந்தாலும், இந்தியாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு எழுதும்போது ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்பதே ஐயமின்றி விளங்கும்.

மறுமொழி 1 எழுதியவர்

எஞ்சிய ஐயங்களுக்கு வருகிறேன்.

விளக்கு, வானொலி போன்றவற்றை நிறுத்துவதற்கு ‘புட் ஆஃப்’ என்று பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் சொல்வதுண்டு. இந்தியாவிலும் அது பரவலாகக் கேட்கிறது. ஆகவே அது பிழை என்று ஒதுக்குவது முறையன்று. இருப்பினும் ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்பவை எந்த நாட்டினருக்கும் உடனே விளங்குபவை என்பதால் எழுத்தில் அவற்றையே பரிந்துரைக்கிறேன். தீயையோ மெழுகுவர்த்தியையோ அணைப்பதற்கு மட்டும் ‘புட் அவுட்’ வரும். அங்கே ‘ஆஃப்’ வராது.

உடையைக் கழற்றுவது பற்றி நீங்கள் கேட்டது தருக்கத்துக்குப் பொருந்திய கேள்வி. பழைய ஆங்கிலத்தில் அது உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் கால விவிலிய மொழிபெயர்ப்பில், எரியும் புதரின் முன் நிற்கும் மோசேயிடம் காலணிகளைக் கழற்று என்று இறைவன் சொல்லும் இடத்தில் ‘புட் ஆஃப்’ என்றே இருக்கிறது. இன்று அந்த இடத்தை ‘டேக் ஆஃப்’ எடுத்துக்கொண்டுவிட்டது. ‘புட் ஆன்’ என்பதன் எதிர்ச்சொல் ‘டேக் ஆஃப்’ என்று இணையாகவே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பழைய நூல்களைப் படிப்பவருக்கு மட்டும் முந்தைய பொருள் தேவைப்படும். படகு கரையிலிருந்து புறப்படுவதைச் சொல்லும் ‘த போட் புட் ஆஃப் ஃப்ரம் த ஷோர்’ என்பதும் பழைய கடற்பயணக் கதைகளில் வரும். செயப்படுபொருளே இல்லாமல் இந்த வினை நிற்பதை அங்கே காணலாம்.

‘ஆஃப் புட்டிங்’ பெயரடை. நடுவில் இணைப்புக்குறி இட்டு எழுதுவார்கள். சிறுசொல் முன்னால் வந்து வினை பின்னால் போயிருப்பதைப் பாருங்கள். ஆங்கிலத்தின் மிகப் பழைய நிலையில் இத்தகைய சிறுசொற்கள் பலவும் வினைக்கு முன்னொட்டாக நின்றன. பிற்காலத்தில் வினைக்குப் பின்னே இடம்பெயர்ந்தன. பெயராகவோ பெயரடையாகவோ மாறும்போது மட்டும் சில இடங்களில் அந்தப் பழைய வரிசை இன்றும் தலைகாட்டுகிறது. ‘அப்பிரிங்கிங்’, ‘அவுட்கோயிங்’ என்பவை போல. பொருளைப் பொறுத்தவரை ‘ஆஃப் புட்டிங்’ வெறுப்பூட்டல் என்ற கிளையையும், சிலபோது கவனச்சிதறல் என்ற கிளையையும் சேர்ந்தது. ஒத்திவைக்கும் தன்மையுடையது என்ற பொருள் அதற்கு இல்லை. நீங்கள் படித்த மதிப்புரையில் நூலின் நடை ‘ஆஃப் புட்டிங்’ என்று இருந்திருந்தால், அந்த நடை வாசகரை நெருங்கவிடாமல் விலக்குகிறது என்று பொருள்.

இந்த ‘ஆஃப்’ என்பதும் ‘உடைய’ என்ற பொருள் தரும் ‘ஆவ்’ என்பதும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை. அழுத்தத்தோடு ஒலித்தது ஒன்றாகவும் மெலிந்து ஒலித்தது மற்றொன்றாகவும் பிரிந்து, 17ஆம் நூற்றாண்டு அளவில் எழுத்திலும் தனித்தனியாயின. அழுத்தம் பற்றி மறுமொழி 2இல் சொல்லப்பட்டது எவ்வளவு ஆழமானது என்பதை இது காட்டுகிறது.

இத்தகைய வினைகள் கடினமாக இருப்பதாகத் தோன்றினால் அது உங்கள் குறையன்று. 1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னே சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த அமைப்புதான் அயல்மொழியாருக்கு மிகப்பெரிய இடர் தருகிறது என்று எழுதி, அத்தகைய தொடர்களைத் திரட்டுவதில் தனிக் கவனம் செலுத்தியதாகவும் சொல்லியிருக்கிறார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவலானதோ அதற்கு நெடுங்காலம் பிறகுதான். 1925இல் வெளியான தம் நூலில் லோகன் பியர்சால் ஸ்மித் அதைப் பயன்படுத்தினார். அந்தப் பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அதில் குறிப்பிட்டிருக்கிறார்.

வினா எழுப்பியவர்

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் கொண்டு நான்கு வாக்கியங்கள் அமைத்திருக்கிறேன். சரிபார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

‘த இன்டர்வ்யூ ஹேஸ் பீன் புட் ஆஃப் அன்டில் மண்டே.’

‘ஹிஸ் ரூட் ரிப்ளை புட் ஆஃப் மீ.’

‘ஐ கெப்ட் புட்டிங் ஆஃப் ரைட்டிங் த லெட்டர்.’

‘த லாங் ஃபார்ம் புட் மீ ஆஃப் டு அப்ளை.’

மறுமொழி 2 எழுதியவர்

முதல் வாக்கியமும் மூன்றாவதும் முற்றிலும் சரி. மூன்றாவதில் ‘புட்டிங்’, ‘ரைட்டிங்’ என்று இரண்டு ‘இங்’ வடிவங்கள் அடுத்தடுத்து வருவதைக் கண்டு தயங்க வேண்டாம். முன்னது ‘கெப்ட்’ என்பதற்காகவும் பின்னது ‘புட் ஆஃப்’ என்பதற்காகவும் வந்தவை, இரண்டும் தேவை.

இரண்டாவதில் ‘மீ’ பிரதிப்பெயர் என்பதால் நடுவுக்கு வர வேண்டும். ‘ஹிஸ் ரூட் ரிப்ளை புட் மீ ஆஃப்’ என்று திருத்துங்கள். அவருடைய மரியாதையற்ற மறுமொழியால் என் மனம் விலகிவிட்டது என்ற பொருள் அப்போது சரியாக வரும்.

நான்காவதில் ‘மீ’ தன் இடத்தில் இருக்கிறது. ‘ஆஃப்’ என்பதற்குப் பின் ‘டு அப்ளை’ வரக் கூடாது. ‘த லாங் ஃபார்ம் புட் மீ ஆஃப் அப்ளையிங்’ என்று வர வேண்டும். நீண்ட படிவத்தைப் பார்த்து விண்ணப்பிக்கும் எண்ணமே எனக்குப் போய்விட்டது என்பது இதன் பொருள். இதிலிருந்து ‘மீ’ என்பதை எடுத்துவிட்டு ‘ஐ புட் ஆஃப் அப்ளையிங்’ என்று எழுதினால், விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறது, இன்னும் செய்யவில்லை என்றாகிவிடும். படிவத்தால் நீங்கள் தயங்கினீர்களா, கைவிட்டீர்களா என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.